மாடிக்குச் சான்று எங்கே கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சனிக்கிழமை சொத்து இணைப்பைப் படித்தேன். ஆவணங்களைச் சரியாக வைத்திருப்பவருக்கு வீட்டை விற்பதில் சிரமமே இல்லை என்று எழுதியிருக்கிறார் உங்கள் நிபுணர். அவர் இதுவரை வீடு எதையும் விற்றதில்லை என்று நினைக்கிறேன்.

என்னிடம் ஆவணம் இருக்கிறது. 1994-இல் தரைத்தளத்துக்கு ஊராட்சி கொடுத்த அனுமதி, 2009-இல் மாடி எடுத்தபோது தலைவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்த வரைபடம், பணம் கட்டிய ரசீது, எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. 2011-இல் எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். மாடிக்கான கோப்பு மட்டும் அப்போது வண்டி ஏறவில்லை போலிருக்கிறது. "எங்க பதிவேட்டுல தரைத்தளம் மட்டும்தான் சார் இருக்கு" என்கிறார்கள் மாநகராட்சி அலுவலகத்தில். அடுத்த அறையிலேயே மாடிக்கும் சேர்த்துச் சொத்து வரி வாங்குகிறார்கள். மின்வாரியம் மாடிக்குத் தனி மீட்டர் கொடுத்திருக்கிறது. நாளை கிரயம் என்றால் மாடிக்கும் மதிப்புப் போட்டுத்தான் முத்திரைத் தீர்வை கேட்பார்கள். காசு வாங்கும்போதெல்லாம் என் மாடி இருக்கிறது!

வாங்க வந்தவர் வங்கிக் கடனை நம்பியிருப்பவர். வங்கியின் வக்கீல் பணி நிறைவுச் சான்று, அதாவது அனுமதித்த வரைபடப்படியே கட்டி முடித்ததற்கான சான்று, கேட்கிறார். சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, நியாயம்தான். ஆனால் என்னுடையதைப் போன்ற சிறிய வீட்டுக்கு அந்தச் சான்று தேவையில்லை என்று 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் விலக்குக் கொடுத்திருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அலுவலகத்திலும் அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். அதையே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அப்படி எழுதித் தர வழியில்லையாம்.

2007 ஜூலை 1-க்கு முன்னால் விதிமீறிக் கட்டியவர்களுக்கு அந்தக் கட்டடங்களைச் சட்டபூர்வமாக்க அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. இனிமேல் கட்டப் போகிறவர்களுக்கு, 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை, விதிப்படி கட்டுவதாகத் தாங்களே உறுதியளிக்கும் சுயசான்று முறையில் உடனடி அனுமதி 2024-இலிருந்து கிடைக்கிறது. முறையாகக் கேட்டு வாங்கிக் கட்டியவனுக்குத்தான் எந்தத் திட்டமும் இல்லை.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014-இல் பதினொரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தபோது நீங்களும்தான் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். அதன் பிறகான கெடுபிடி கடைசியில் யார் தலையில் விழுந்திருக்கிறது என்று ஒருநாள் உங்கள் நிருபரை அனுப்பிப் பாருங்கள். 2022-இல் சொத்து வரியை ஏற்றியபோது நான் எழுதிய கடிதத்துக்கும் உங்கள் பத்திரிகையில் இடமில்லை. அந்த வாரம் 'கனவு இல்லம்' விளம்பரங்களுக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது. போகட்டும்.

வராத சான்றுக்குப் பதிலாக எந்தத் தாளைக் கொடுத்தால் வங்கி ஏற்கும் என்று உங்கள் நிபுணரிடமே கேட்டு, அடுத்த சனிக்கிழமை இரண்டு வரி போட்டால் போதும். வாங்க வந்தவர் மாதக் கடைசி வரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என் பெயரும் ஊரும் வேண்டாம். அதே அலுவலகத்துக்கு நான் மறுபடியும் போக வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்