ஸ்கேன் நார்மல் என்றால் களம் இறங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்ட மகளிர் கபடிப் போட்டி பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். முதல் பாதியில் தலையில் அடிபட்டு மயங்கி விழுந்த மாணவி, முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து, இரண்டாம் பாதியில் ரெய்டு போய் அணியைக் கரைசேர்த்தார் என்று எழுதி, 'வலியை வென்ற வீராங்கனை' என்று தலைப்பும் கொடுத்திருந்தீர்கள். அந்தப் பெண்ணின் துணிச்சலில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளை மறுபடி உள்ளே அனுப்பிய பெரியவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ரெய்டரின் காலைப் பிடிக்கக் கார்னரில் நிற்பவள் குனிந்து பாயும்போது, எதிராளியின் முழங்கால் நெற்றிப்பொட்டில் மோதுவது கபடியில் சாதாரணமாக நடப்பது. சென்ற ஆண்டு எங்கள் லெஃப்ட் கார்னர் பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. உடனே எழுந்துவிட்டாள். "ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள். ஸ்கோர் கேட்டேன், சரியாகச் சொன்னாள். ஸ்கோர் போர்டு அவள் கண்ணெதிரே இருந்தது! கடைசியாக யாரைப் பிடித்தோம் என்று கேட்டதற்கு, இடைவேளைக்கு முன்பே பிடிபட்டுப் போன பெண்ணின் நம்பரைச் சொன்னாள். வெளியே உட்கார வைத்துவிட்டேன்.

மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல். மண்டலப் போட்டிக்கு ஆள் வேண்டும் என்று வந்த நிர்வாகி ஒருவர், "ஸ்கேன்லயே ஒண்ணுமில்லையே மேடம், அப்புறம் என்ன?" என்றார். சி.டி. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இருக்கிறதா என்று பார்க்க. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி அதில் தெரியாது. மூளையின் உருவம் சரியாக இருக்கும், வேலை செய்யும் விதம்தான் தடுமாறியிருக்கும். அடுத்த வாரம், கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாமல் அவள் நோட்டை மூடி வைத்துவிட்டதாகக் கணக்கு ஆசிரியை சொன்னார். டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் கூசியது. தோழிகள் கூப்பிட்டால் எரிந்து விழுந்தாள். நிர்வாகி கேட்ட மண்டலப் போட்டியும் அதே வாரத்தில்தான்.

அடிபட்ட உடனே செய்யும் ஒரு சோதனையை மட்டும் நம்ப முடியாது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. அணி மருத்துவர் சோதித்தார், ஸ்மித் தேறினார், அன்றே திரும்பி வந்து ஆடி 92 ரன்னில் அவுட் ஆனார். மறுநாள் காலை தலைவலி, மந்தம். அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் ஆடவில்லை. கூடவே மருத்துவர் இருக்கும் அணிக்கே இந்த நிலை என்றால், ஐஸ் பெட்டியும் ஸ்ப்ரேயும் மட்டும் உள்ள நம் மைதானத்தில் ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பது எப்படி? அடிபட்டவருக்குப் பதில் பேட் பிடிக்கவும் பந்து வீசவும் இன்னொருவர் வருவதற்கு சர்வதேச கிரிக்கெட்டில் அந்த மாதம்தான் விதி வந்தது. கபடியில் அந்தச் சிக்கலே இல்லை. மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, எப்போதுதான் திரும்ப ஆடலாம்? விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்ச்சி பற்றிப் பேச 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் ஆறு படிகள் வகுத்திருக்கிறார்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு. இருட்டறையில் படுக்கப் போட வேண்டியதில்லை, வீட்டுக்குள் நடமாடலாம். பிறகு நடை, மெல்லோட்டம், தனியாகச் செய்யும் பயிற்சி என்று ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தொந்தரவு கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். மோதவோ விழவோ வாய்ப்புள்ள பயிற்சிக்குப் போகும் முன், ஓடி வியர்த்த பிறகும் எந்தத் தொந்தரவும் இல்லை என்று மருத்துவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். எங்கள் பெண்ணுக்கு அதுவரை காலடிப் பயிற்சி மட்டும்தான், அதுவும் மைதானத்தின் ஓரத்தில் தனியாக. ரெய்டரைப் பிடிக்கும் டேக்கிளுக்கு அதற்குப் பிறகுதான் விட்டேன். பாடம் கவனிக்க முடியாத பிள்ளை ஆடுகளத்தில் இறங்கவே கூடாது. முதலில் வகுப்பு முழுதாகப் பழக வேண்டும்.

இதில் பெரிய சிக்கல், பிள்ளைகள் பொய் சொல்வார்கள். விளையாடத் துடிக்கிறவளிடம் "தலை வலிக்குதா?" என்று கேட்டால் "இல்ல மிஸ்" என்றுதான் பதில் வரும். இரண்டு சுற்று ஓடிவிட்டு வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணும் அதைத்தான் சொன்னாள். அதனால் அவள் அம்மாவுக்குப் போன் செய்து, ராத்திரி தூங்குகிறாளா, டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாளா என்று கேட்பேன். மருத்துவரிடமும் அதையே சொல்லி அனுப்பினேன்.

இதையெல்லாம் அதிகப்படி என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. கனடாவின் ஒட்டாவா நகரில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பள்ளி மாணவி, சில நாட்களுக்குள் ரக்பியில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு 2013இல் இறந்தார். முதல் அடி ஆறும் முன்னே அடுத்த அடி விழுந்தால் மூளை வீங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் பெரும்பாலும் இளம் வயதினருக்கே வருகிறது. அதன் பிறகு 2018இல் ஒன்டாரியோ மாகாணம் அவர் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது.

பள்ளிக் கல்வித் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். தலையில் அடிபட்டு மயங்கியவர், தடுமாறியவர், குழம்பிப் பேசியவர் அன்று மீண்டும் இறங்கக் கூடாது என்று போட்டி விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். திரும்ப வருபவருக்கான உடல்தகுதிச் சான்றில் 'ஸ்கேன் நார்மல்' என்பதோடு, பள்ளிக்கு முழுநேரம் வருகிறாரா, ஓடிய பிறகு தொந்தரவு உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்க்கலாம். அதில் மருத்துவர் கையெழுத்திடட்டும். பயிற்சியாளர் கையெழுத்து வேண்டாம், என்னுடையதும் வேண்டாம். கோப்பை கண்ணெதிரே இருக்கும்போது எங்கள் யாருடைய முடிவையும் நம்பக் கூடாது.

தங்கள் நிருபருக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த மாணவி இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்து, முடிந்தால் ஒரு செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை, மணப்பாறை
(அரசுப் பணியில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்)