செல்விக்கு: உன் மழைக் கணக்கு பற்றி

அன்புள்ள செல்வி,

உன் மெயிலும், கல்யாண மண்டபத்தில் விவசாயிகளுக்குக் காட்டப்போகிற மழை ஸ்லைடுகளும் வந்தன. உடனே பதில் போட்டிருக்க வேண்டும், அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன், சொட்டு மருந்து டியூட்டி என் தலையில், கிச்சனில் கை வைத்தால் உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள். இப்போது பரவாயில்லை, நேற்றிலிருந்து சீரியல் பார்க்கிறார்கள். சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது, அந்தக் கதையைப் போனில் சொல்கிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாதே. பத்து வருட மழையை மாதவாரியாக, வட்டாரவாரியாக ஒரே அட்டவணையில் எக்செல்லிலிருந்து அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறாய். அந்த எண்களோடேயே குடித்தனம் நடத்துகிறவள் நீ, உன் கண் தானாகவே சரியான கட்டத்துக்குப் போய்விடும். கல்யாண மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஸ்ரீவைகுண்டத்து விவசாயிக்கு அது ரயில்வே டைம்டேபிள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதைப் போய் கடைசிக்கு முந்தின வரிசையில் மற்ற எண்களோடு எண்ணாக வைத்திருக்கிறாய்! நான் இரண்டு தடவை தேடித்தான் கண்டுபிடித்தேன்.

இதைப் பார்த்ததும் கொலம்பியா விண்கலம் ஞாபகம் வந்தது. 2003இல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்களே, அதுதான். கிளம்பும்போது நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியது, விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் அதை ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்ற தொனி. அடியில் பொடி எழுத்தில்தான் விஷயமே இருந்தது: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியது 1,920 கன அங்குலம் என்பது மதிப்பீடு. 640 மடங்கு! அந்தச் சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது என்பதுதானே தலைப்பாக இருந்திருக்க வேண்டும்? ஒரு ஸ்லைடால்தான் அவர்கள் இறந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துப் போட்டு விமர்சித்தது. உன் ஸ்லைடின் தலைப்பு ‘மழைப்பொழிவுத் தரவு பகுப்பாய்வு’. இதைப் படித்து யாருக்கு என்ன தெரியும், சொல்லு. ‘ஒரு வருட மழை ஒரே நாளில் பெய்தது’ என்று போடு. தப்பே இல்லை, தமிழ்நாட்டின் ஓராண்டுச் சராசரியே கிட்டத்தட்ட அவ்வளவுதான், உங்கள் மாவட்டச் சராசரி அதைவிடக் குறைவு.

அப்புறம், மில்லிமீட்டரை விடு. 946 மி.மீ. என்றால் உனக்குத் தூக்கிவாரிப் போடும், அவர்களுக்கு அப்படி இல்லை. ‘ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை’ என்று பேசிப் பழகியவர்கள் அவர்கள், மண் எவ்வளவு நனைந்தது என்பதுதான் அவர்கள் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர், இது உனக்குத் தெரியாததில்லை. ஒரு சென்ட் கிட்டத்தட்ட 40 சதுர மீட்டர். அப்படியானால் அன்றைக்கு ஒரு சென்ட் இடத்தில் விழுந்த தண்ணீர் 38,000 லிட்டர், ஆயிரம் லிட்டர் டேங்க் 38. ஒரே ஒரு சென்டில்! மொட்டை மாடியில் ஒரு டேங்க் வைத்திருக்கிற எவருக்கும் இது மனசில் நிற்கும். ஆனால் இந்த உத்தியை எல்லாவற்றுக்கும் இழுக்காதே. அணைத் தண்ணீரை அளக்கிற ஒரு டிஎம்சி (நூறு கோடி கன அடி) என்பது 2,831 கோடி லிட்டர், அதைத் தண்ணீர் லாரிக் கணக்கில் சொல்கிறேன் என்று கிளம்பினால் 12,000 லிட்டர் லாரி 23 லட்சத்துக்கு மேல் வரும், 23 லட்சம் லாரியை யார் பார்த்திருக்கிறார்கள்? புரியாத எண்ணுக்குப் பதில் இன்னொரு புரியாத எண். விரல் விட்டோ வீடு விட்டோ எண்ண முடிகிற அளவுக்கு இறங்கினால்தான் பிரயோஜனம்.

அந்த 38 டேங்க்கையும் நீயாகச் சொல்லிவிடாதே. முதலில் கேள். ‘அன்னைக்கு ஒரு சென்ட்ல எத்தனை டேங்க் தண்ணி விழுந்திருக்கும்?’ ஒருத்தர் அஞ்சு என்பார், இன்னொருத்தர் நூறு என்பார், ரெண்டு பேரும் அங்கேயே மல்லுக்கு நிற்பார்கள், அதற்கப்புறம் விடையைச் சொல். ஹான்ஸ் ரோஸ்லிங் என்று ஒரு ஸ்வீடன் டாக்டர் இருந்தார், 2017இல் இறந்துவிட்டார். 2006இல் அவர் டெட் (TED) மாநாட்டில் பேசிய உரையின் வீடியோ இருக்கிறது, கட்டாயம் பார். எடுத்த எடுப்பில் வரைபடம் எதையும் விளக்கவில்லை. தன் மாணவர்களுக்கு வைத்த பரீட்சையைப் பற்றிப் பேசுகிறார்: இலங்கை, துருக்கி, இதில் எங்கே குழந்தை இறப்பு அதிகம்? இப்படி ஐந்து ஜோடி, ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டில் மற்றதைப் போல இரண்டு மடங்கு. மாணவர்கள் சராசரியாக 1.8தான் சரியாகச் சொன்னார்களாம், சிம்பன்சியிடம் கொடுத்திருந்தால் குருட்டாம்போக்கில் பாதி சரியாக வந்திருக்கும் என்கிறார். அரங்கமே சிரிக்கிறது, சிரிக்கிறவர்கள் எல்லாரும் மனசுக்குள் இலங்கையா துருக்கியா என்று போட்டுப் பார்த்திருப்பார்கள். விடை துருக்கி.

அதற்குப் பிறகுதான் குமிழிகள் வருகின்றன, அவற்றையும் சட்டென்று ஓட விடுவதில்லை. கீழே ஒரு பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள், பக்கவாட்டில் ஆயுள் எத்தனை வருடம், ஒவ்வொரு குமிழியும் ஒரு நாடு, பெரிய குமிழி என்றால் பெரிய மக்கள்தொகை, இதையெல்லாம் கையை நீட்டிக் காட்டிச் சொல்லி முடித்துவிட்டு 1962இலிருந்து ஓட விடுகிறார். படிக்கத் தெரிந்த பிறகு படம் ஓடுகிறது, அதனால் யாரும் தொலைந்து போவதில்லை. நம் ஆட்கள் படத்தைப் போட்டு, ‘இங்கே பார்த்தீர்களானால்’ என்று ஆரம்பித்து லேசர் புள்ளியை நடுங்க விடுவார்கள், அதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிடும். எனக்கு அந்த லேசரைக் கண்டாலே ஆகாது. ஒரு மூங்கில் குச்சி எடுத்துக்கொண்டு போ.

அணை நீர்மட்டம் காட்டுகிற கோட்டு வரைபடத்தை நீ விட மாட்டாய் என்று தெரியும். சரி, வை, ஆனால் அடிக்கணக்கு மட்டும் போதாது. அணை அடியில் குறுகி மேலே அகன்றிருக்கும். மேட்டூரில் 120 அடிக்கு 93.47 டிஎம்சி, 100 அடிக்கு 65ஐ ஒட்டித்தான் இருக்கும். உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் இறங்கியது, தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது. ‘இன்னும் நூறு அடி இருக்கே’ என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு இது தெரிந்தால் நாற்று விடுகிற முடிவே மாறலாம். பாபநாசம் அணைக்கும் இப்படி எத்தனை அடிக்கு எவ்வளவு தண்ணீர் என்ற அட்டவணை உன்னிடம் இருக்குமே, 143 அடியிலிருந்து ஆரம்பித்து மூன்றே மூன்று வரி எடுத்துப் போடு, போதும்.

மற்றதெல்லாம் சில்லறை. வெளிர் மஞ்சள் கோடு வேண்டவே வேண்டாம், மண்டபத்து வெளிச்சத்தில் காணாமல் போகும். எந்தக் கோடு எந்த ஊர் என்று ஓரத்தில் பெட்டி கட்டாமல் கோட்டின் நுனியிலேயே ஊர்ப் பெயரை எழுதிவிடு. ஒன்பது துண்டு பை சார்ட்டைத் தூக்கு, பட்டை வரைபடம் போதும். பெரிய அட்டவணையை எறிய மனசு வராது உனக்கு, தெரியும், அதை நகல் எடுத்து வாசலில் வை, வேண்டியவர்கள் எடுத்துப் போகட்டும்.

மாற்றியதை வியாழக்கிழமைக்குள் அனுப்பு, வெள்ளி சாயங்காலம் நான் உட்கார்ந்து பார்க்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டு, எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கிறாரோ அந்த ஸ்லைடைக் குறித்து வை.

அன்புடன்,
தனம்