தட்டில் கிடப்பவை குட்டிகள் அல்ல

குடியாத்தம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். வெயில் இந்த ஆண்டும் வேலூர் மாவட்டத்துக்கே உரிய வெயில்தான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தூத்துக்குடி மீன் ஆலையில் உன் மேசையிலிருந்து நீ அனுப்பிய படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். எஃகுத் தட்டில் வரிசையாகப் பேய்க்கணவாய்கள், அதாவது ஆக்டோபஸ்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. "எல்லாம் குட்டிகள் அப்பா, பார்க்கவே பாவமாக இருக்கிறது" என்று கீழே எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் ஷிஃப்ட் அவசரத்தில் பாதி உன் காதில் விழாது.

படத்தின் இடது ஓரத்தில் ஒன்றைக் கீறி வைத்திருக்கிறாய். உள்ளே வெளிர்மஞ்சளாக ஒரு கொத்து தெரிகிறது பார், அது சினைப்பை. குட்டிக்குச் சினை ஏது, தம்பி? அது முழுதாக வளர்ந்து முட்டையிடத் தயாரான பெண். அந்தத் தட்டில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கும். வெளிநாட்டுக் கடைகளில் 'குட்டி ஆக்டோபஸ்' என்று விற்பதில் பெரும்பங்கு இப்படிச் சிறிய இனங்களின் வளர்ந்த உயிர்களே. அவற்றின் வாழ்நாளே ஏறக்குறைய ஓர் ஆண்டுதான். அதற்குள் பிறந்து, வளர்ந்து, இணைந்து, முட்டையிட்டு முடிந்துவிடுகின்றன.

தூத்துக்குடிக்கு வரும் இழுவைப் படகுகளில் கிடைக்கும் சிறிய இனங்கள் பல ஆம்ஃபியோக்டோபஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. மூன்றை உன்னால் மேசையிலேயே பிரித்துவிட முடியும். உடலெங்கும் கருநரம்பு ஓடியது போன்ற கோடுகளும், கருத்த கைகளில் வெளுத்துத் தெரியும் உறிஞ்சிகளும் இருந்தால் அது மார்ஜினேட்டஸ். கண்ணுக்குக் கீழே, இரண்டாவது கைக்கும் மூன்றாவது கைக்கும் அடியில், வளையமிட்ட கரும்புள்ளி ஒன்று பொய்க்கண் மாதிரி இருந்தால் அது நெக்லெக்டஸ் அல்லது அதன் நெருங்கிய உறவு. இந்தப் புள்ளி இல்லாமல் பளிங்குக்கல் போலத் திட்டுத்திட்டாக இருப்பது பெரும்பாலும் ஏஜினா. ஐஸில் கிடந்தால் நிறம் மங்கிவிடும், அதனால் கூடை வந்து இறங்கியதும் பார்.

இவை பவளப்பாறை உயிர்கள் அல்ல. ஆழம் குறைந்த கரையோரத்தில், மணலும் சேறும் கலந்த தரைதான் இவற்றின் வீடு. மணலுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு கண்களை மட்டும் வெளியே நீட்டி வைத்திருக்கும். இழுவை வலை உராய்ந்துகொண்டு போவதும் அதே தரையில்தான். உன் தட்டுக்கு இவை இத்தனை வந்து சேர்வதற்குக் காரணம் அதுவே.

பாறை இடுக்கு கிடைக்காத வெட்டவெளியில் உடம்பில் எலும்பே இல்லாத ஒரு பிராணி எப்படிப் பிழைக்கும்? கிடைத்த கூட்டுக்குள் புகுந்துகொள்ளும். செத்த சிப்பியின் இரண்டு ஓடுகளையும் உறிஞ்சிகளால் பற்றி இழுத்து உள்ளிருந்தே கதவைச் சாத்திக்கொள்ளும். பாக் நீரிணைப் பக்கத்து மீனவர்கள் காலிச் சங்குகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, வீடு தேடி வருபவற்றைப் பிடிப்பதும் இந்தக் குணத்தை அறிந்துதான். புத்தகம் எழுதியவர்களுக்கு முன்பே அவர்களுக்கு இது தெரியும்.

மார்ஜினேட்டஸ் செய்வது இன்னும் ஒரு படி மேல். இந்தோனேசியாவில் சுலவேசி, பாலி கரைகளில் ஜூலியன் ஃபின் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 500 மணி நேரத்துக்கும் மேல் நீருக்கடியில் இருந்து பார்த்து, 2009-ல் எழுதினார்கள். மனிதர்கள் கடலில் எறிந்த பாதித் தேங்காய் ஓட்டை இது வயிற்றுக்கடியில் வைத்து, கைகளை இறுக்கி நீட்டி, விரல் நுனியில் நடப்பதுபோல் தத்தித் தத்தித் தூக்கிச் செல்கிறது. அப்படி நடக்கும்போது வேகமும் குறைவு, பாதுகாப்பும் இல்லை. பின்னால் உதவும் என்று இப்போது சுமக்கிறது. முதுகெலும்பில்லாத உயிர் ஒன்று கருவி பயன்படுத்துவதற்கு இதைச் சான்றாக அவர்கள் முன்வைத்தார்கள். பள்ளி ஆய்வகத்தில் ஃபார்மலின் ஜாடிக்குள் வெளுத்துக் கிடந்த மாதிரியைக் காட்டி நான் பாடம் நடத்தியபோது, அதே வகை உயிர் இதையெல்லாம் செய்கிறது என்று சொல்ல முடிந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் விலங்கியல் எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உயிரோடு வந்த ஒன்றின் கை வெட்டிய பிறகும் அசைந்தது என்றும், அன்று உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றும் முன்பு சொன்னாய். சாதாரண ஆக்டோபஸுக்கு ஏறத்தாழ 50 கோடி நரம்புச் செல்கள் உண்டு. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. மூளையைக் கேட்காமலே கை பற்றும், விலகும். உறிஞ்சிகள் தொட்டவுடன் ருசியும் அறியும். அதனால்தான் அந்த அசைவு. கொல்வதானால் மூளையை முதலில் அழித்துவிட்டுக் கையில் கத்தி வைக்க வேண்டும். மேற்பார்வையாளன் நீ, அதைச் சொல்ல உனக்கு இடம் இருக்கிறது. சொல்.

இனி இதன் இனப்பெருக்கம். நான் சொல்ல வந்த விஷயம் இதில்தான் இருக்கிறது. ஆணின் வலது பக்கத்து மூன்றாவது கை நுனியில் உறிஞ்சிகள் இருக்காது, சிறு கரண்டிபோல் முடிந்திருக்கும். விந்துப் பொதியைப் பெண்ணின் உடற்பைக்குள் சேர்க்கும் கை அது. பெண் கூட்டுக்குள் நொய்யரிசி அளவு முட்டைகளை ஆயிரக்கணக்கில் சரம்சரமாக இட்டு, நாள் முழுக்க நீர் பாய்ச்சித் துடைத்துக் காவல் இருக்கும். அடைகாக்கும் காலத்தில் இரையைத் தொடாது. குஞ்சுகள் வெளியேறி நீரோட்டத்தில் மிதக்கத் தொடங்கும்போது தாய் செத்துப்போகும். ஆணும் இணைந்த சில காலத்தில் முடிந்துவிடும்.

இதைத் தாய்ப்பாசம் என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. 1977-ல் ஜெரோம் வொடின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர், கரீபியன் கடலின் இனம் ஒன்றில், அடைகாக்கும் பெண்களின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வைச் சுரப்பிகளை அகற்றினார். அவை முட்டைகளை விட்டு விலகின, மறுபடி சாப்பிட்டன, எடை கூடின, நெடுநாள் வாழ்ந்தன. பட்டினியும் சாவும் அந்தச் சுரப்பியிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு அடைகாப்புதான். மீனில் பல இனங்கள் இந்த ஆண்டு தப்பினால் அடுத்த ஆண்டும் முட்டையிடும். இதற்கு அடுத்த ஆண்டு இல்லை. சினையோடு உன் தட்டுக்கு வந்த பெண் தன் வரிசையில் எதையும் விட்டுச் செல்லாமலே வந்திருக்கிறாள். ஆனால் இதே வேகம் நமக்குச் சாதகமும்கூட. ஒரு பருவம் நிம்மதியாக முட்டையிட விட்டால் இவ்வளவு விரைவாக வளரும் உயிர் சட்டென்று பெருகும். எந்த மாதம் என்பதுதான் கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் இழுவைப் படகுகளுக்கு 61 நாள் தடை இருக்கிறது. உன் மேசைக்கு வரும் இனங்களின் முட்டைக்காலம் அந்த நாட்களுக்குள் வருகிறதா, வெளியே வருகிறதா என்பதைக் கீறிப் பார்த்து எழுதினால்தான் அறிய முடியும்.

அதை நீ எழுத வேண்டும் என்பது என் விருப்பம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு தூத்துக்குடியிலேயே மையம் இருக்கிறது. அவர்கள் சில நாட்களை மட்டும் மாதிரியாக எடுத்துக்கொண்டு துறைமுகத்தில் கணக்கெடுக்கிறார்கள். உன் மேசையோ தினமும் பார்க்கிறது. பனிக்கட்டி போட்டு அடைத்து ஏற்றிவிட்டால் அந்தத் தகவலும் கப்பலேறிவிடும்.

குறிப்பேட்டால் என்ன ஆகும் என்று கேட்காதே. நம் பாலாற்றை நினைத்துப் பார். வேலூர் தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்திருந்த கணக்கு அதில் இடம்பெற்றது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று யாரோ வயல் வயலாகப் போய் எழுதி வைத்திருந்தார்கள். இங்கே எல்லோர் கிணறும் உப்பாகித்தான் கிடந்தது, புலம்பல் நிறைய இருந்தது. நீதிமன்றத்தில் எண்ணாகப் பேசியது அந்தக் கணக்கு.

தினமும் பத்து உருப்படி எடுத்தால் போதும். தேதி, படகு எந்தப் பக்கம் போனது, இனம், ஆணா பெண்ணா, கண்களுக்கு நடுவிலிருந்து உடற்பையின் முனை வரை நீளம், எடை, சினைப்பை நிலை. முட்டை கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகிறதா, இல்லையா என்று எழுதினாலே பெரிய உதவி. ஓராண்டு சேர்ந்ததும் அந்த மையத்தில் காட்டு. வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் உடம்பில் நீல வளையங்கள் உள்ள சிறியது எதுவும் கூடையில் வந்தால் வெறுங்கையால் தொடாதே, யாரையும் தொடவும் விடாதே. கடித்தால் மூச்சை நிறுத்தும் நஞ்சு, மாற்று மருந்து கிடையாது. கடித்துவிட்டால் செயற்கைச் சுவாசம் கொடுத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை உன் மேசையில் வேலை செய்யும் பெண்களிடமும் சொல்லி வை.

என் பழைய வெர்னியர் அளவுகோலையும் நீளக் கோடு போட்ட இரண்டு நோட்டுகளையும் பார்சலில் அனுப்புகிறேன். அம்மா இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்த் தொக்கு ஒரு பாட்டில் வைத்திருக்கிறாள், அறைத் தோழர்களுக்கும் கொடு. எடை பார்ப்பதைக் கழுவுவதற்கு முன்பே முடித்துவிடு. நல்ல தண்ணீரில் ஊறினால் இவை நீரை இழுத்து எடை கூடிவிடும், கணக்கு கெட்டுவிடும். முதல் வாரப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. இனம் பிரித்ததில் சந்தேகம் இருந்தால் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா