இரண்டு பம்ப் இருந்தும் தண்ணீர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடியில் இரண்டு நாள் தண்ணீர் இல்லை. பதினேழு மாடி, கீழே ஒரு தொட்டி, மேலே ஒரு தொட்டி, ஏற்றிவிட இரண்டு பம்ப். ஒன்று படுத்தால் இன்னொன்று ஓடட்டும் என்றுதான் இரண்டு வைக்கிறோம், இங்கே இரண்டுமே படுத்துவிட்டன, கண்ட்ராக்டரோ ஊருக்குப் போய்விட்டார். வாட்சாப் குழுவில் எல்லாரும் பழைய பம்பைத் திட்டினார்கள். நான் மின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு, அதாவது பேனல்களுக்கு, வயரிங் வேலை செய்பவன், நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு பம்ப் அறைக்குள் போய்ப் பார்த்தேன்.

இரண்டாம் பம்பின் செலக்டர், அதாவது ஆட்டோ, மேனுவல், ஆஃப் என்று திருப்பும் சுவிட்ச், ஆஃபில் இருந்தது, அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி ‘ஜாங்ஙான் உசிக்’ (தொடாதே) என்று மலாயில் எழுதியிருந்தது. டேப்பே மஞ்சளாகிப் போயிருந்தது. தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் ஒழுகுகிறது என்று யாரோ ஒருநாள் ஆஃப் செய்திருக்கிறார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். சரி, மறப்பது மனித இயல்பு, ஆனால் பேனலுக்குள் இருந்து பம்புகளை ஓட்டும் சின்னக் கணினியான பிஎல்சிக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் செலக்டரிலிருந்து அதற்கு ஒரு ஒயர்கூடப் போகவில்லை. அது பாட்டுக்கு இந்தத் தடவை ஒன்று, அடுத்த தடவை இரண்டு என்று முறை மாற்றிக்கொண்டிருந்தது. இரண்டின் முறை வந்தால் அவுட்புட் லைட் எரியும், மோட்டார் அசையாது, மேல் தொட்டி வற்றிக்கொண்டே போகும். ஆட்கள் சத்தம் போட்டதும் காவலாளி முதல் பம்பை மேனுவலில் தட்டிவிடுவார், அதுவே பழக்கமாகிவிட்டது. அன்றைக்குத் தெருக் குழாயிலேயே தண்ணீர் குறைவு. கீழ்த் தொட்டி வற்றினால் பம்பை நிறுத்த ஒரு ஃபுளோட் (மிதவை சுவிட்ச்) இருக்கிறது, ஆனால் அது ஆட்டோவில் மட்டும்தான் வேலை செய்யும்படி வயரிங். மேனுவலில் கிடந்த பம்ப் தண்ணீரில்லாமல் சுற்றிச் சுற்றி சீலைக் கருக்கிவிட்டது.

இதில் பம்பின் குற்றம் என்ன?

மேனுவல் என்றால் பாதுகாப்பையும் சேர்த்துக் கழற்றிவிடுவது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். லெவலைப் பார்த்துத் தானாக ஓடாது, ஆள்தான் ஓட்டவேண்டும், அவ்வளவுதான் மேனுவல். கீழ்த் தொட்டி ஃபுளோட்டும், மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோடும் அப்போதும் பம்பை நிறுத்தியே ஆகவேண்டும். அதைப் புரோகிராமை நம்பி விடாமல் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் லைனிலேயே தொடராக வைத்துவிடலாம். செலக்டர் ஆட்டோவில் இல்லாவிட்டாலோ, ஓவர்லோடு டிரிப் ஆனாலோ, ஆர்டர் கொடுத்து ஐந்து விநாடிக்குள் கான்டாக்டர் இழுக்காவிட்டாலோ, பிஎல்சி அந்தப் பம்ப் இல்லை என்று கணக்கு வைத்து மற்றதை ஓட்டிவிட்டு அலாரம் அடிக்கவேண்டும். பம்ப் நிற்கும்போது முறையை மாற்றி, யாருடைய முறை என்பதைக் கரண்ட் போனாலும் அழியாத மெமரியில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் மாலை இடியில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஒன்றாம் பம்பே முதலில் கிளம்பித் தேயும். இரண்டும் சமமாகத் தேய்ந்தால் ஒரே சமயத்தில் பழுதாகுமே என்று சிலர் வாதாடுவார்கள், ஓடாமல் கிடந்து துருப்பிடித்த பம்பைப் பிரித்துப் பார்க்காதவர்கள். ஒரு சின்ன பிஎல்சியில் இதெல்லாம் அரைநாள் வேலைகூட இல்லை.

2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி பொதுச் சொத்தைப் பராமரிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்குத்தான் மாதாமாதம் கட்டுகிறோம். புதுப் பேனலுக்குப் பணம் கொடுக்குமுன் தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்பணியாளரான சார்ஜ்மேனை வைத்துக்கொண்டு ஒரு பம்பை ஆஃப் செய்யுங்கள், மற்றது இரண்டு முறையையும் எடுத்துக்கொள்கிறதா பாருங்கள். அப்புறம் ஓவர்லோடின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். மேனுவலில் ஓடும்போது கீழ்த் தொட்டி ஃபுளோட்டைத் தொங்கவிட்டு, பம்ப் நிற்கிறதா என்றும் பாருங்கள். நிற்காவிட்டால் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கள் பேனல் அடுத்த வாரம் வருகிறது. இந்த மூன்றையும் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறேன், ‘ரொம்பச் சிரமம் கொடுக்கிறீர்களே’ என்கிறார்கள்.

பேனல் வயர்மேன்,
செந்தூல், கோலாலம்பூர்