மத்ராவிலிருந்து அக்காவுக்கு

மத்ரா, மஸ்கட்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் யாருக்குத் துணி தைக்கிறேன், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள்.

ஓமான் என்றாலே நம் ஊரில் அரபிகளை மட்டும்தான் நினைக்கிறோம். எங்கள் தையல் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பலூச்சிகள். இன்று பாகிஸ்தானிலும் ஈரானிலுமாகப் பிரிந்து கிடக்கும் மக்ரான் கடற்கரையிலிருந்து பல தலைமுறைகளாக இங்கு வந்து குடியேறியவர்கள். அந்தக் கரையிலுள்ள குவாதர் துறைமுகம் 1958 வரை ஓமான் சுல்தானின் ஆட்சியில்தான் இருந்தது. எங்கள் முதலாளி அதற்கு முன்பே அங்கு பிறந்து, சிறு வயதில் தந்தையோடு இங்கு வந்தவர். எல்லோரும் அவரை 'வாஜா' என்று அழைக்கிறார்கள். நம் 'ஐயா' போன்ற சொல் அது.

அவரிடம் நான் முதலில் கற்றுக்கொண்டது 'ஹால்' என்னும் வழக்கத்தை. வெளியூரிலிருந்து ஒருவர் வந்தால் யாரும் உடனே காரியத்தைப் பேசிவிட மாட்டார்கள். வந்தவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து ஆசுவாசப்பட்ட பிறகு, கூடியிருப்பவர்களிடம் 'நான் ஹால் கேட்கலாமா' என்று அனுமதி பெற்றுக்கொண்டுதான் வாஜா பேச்சைத் தொடங்குவார். எங்கிருந்து புறப்பட்டார், வழியில் யாரைக் கண்டார், எந்த மலையில் மழை பெய்தது, ஆடுகளுக்குப் புல் இருக்கிறதா, யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் கல்யாணம் என்று வந்தவர் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகு இங்குள்ள செய்தியை அவர் கேட்பார். தபால் எட்டாத மலையிலும் பாலையிலும் மந்தையோடு அலைந்த மக்களுக்கு வழிப்போக்கரின் வாய்தான் செய்தி கொண்டுவந்தது. ஆகவே ஹாலில் பொய் சொல்வது பெரிய இழுக்கு.

விடுமுறை முடிந்து நான் திரும்பிய அன்று என்னையும் உட்கார வைத்து ஹால் கேட்டார். எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் நம் குளம் வறண்டு கிடப்பதையும், அப்பா முழங்கால் வலியோடு மாடிப்படி ஏற முடியாமல் நின்றதையும், அம்மா வாசல் வரைக்கும் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போனதையும் சொன்னேன். இந்த ஊருக்கு வந்த நான்கு வருடத்தில் என் வீட்டைப் பற்றி ஒருவர் பொறுமையாகக் கேட்டது அன்றுதான், அக்கா.

இனி உங்களுக்குப் பிடித்த விஷயம். பலூச்சிப் பெண்களின் நீண்ட அங்கிக்குப் 'பஷ்க்' என்று பெயர். மார்புப் பகுதியிலும் இரண்டு கைகளின் முனையிலும் பூவேலை இருக்கும்; இவை தவிர, இடுப்புக்குக் கீழே முன்பக்கத்தின் நடுவில், மேல்முனை கூம்பிய நீண்ட பை ஒன்று உண்டு. வீட்டிலேயே தனித்துணியில் மாதக்கணக்காகப் பூவேலை செய்து கொண்டுவந்து தருவார்கள். அதை அங்கியில் வைத்துத் தைப்பது என் வேலை. சென்ற வாரம் ஒரு பாட்டி தம் பேத்தியின் கல்யாணத்துக்காகச் செய்த துணியைக் கொண்டுவந்தார். கருஞ்சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள், இடையிடையே பச்சை, ஓரத்தில் பல் பல்லாக வெள்ளை. நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி துணியைத் திருப்பிப் பார்த்தேன்: ஒரு முடிச்சுக்கூடத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை, பென்சில் கோடும் எங்கும் இல்லை, எல்லாம் மனக்கணக்கு. இப்போது இயந்திரப் பூவேலை மலிவாகக் கிடைக்கிறது, நானும் தைத்துத் தருகிறேன். ஆனாலும் அந்தப் பாட்டியின் துணியைக் கையில் எடுத்தபோது, ஊசி போட எனக்கே தயக்கமாக இருந்தது.

அந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை உறவினர், நண்பர் வீடுகளுக்கெல்லாம் போய் 'பிஜ்ஜார்' பெற்று வந்தார். நம் மொய் மாதிரிதான். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே, செலவுக்கு உதவியாகக் கொடுத்துவிடுகிறார்கள். கடைப் பையன்கள் நாங்களும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தோம்.

ஒரு செய்தியை மட்டும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாஜாவைப் பார்க்கப் பாகிஸ்தானின் பலூசிஸ்தானிலுள்ள குஸ்தார் என்னும் ஊரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பலூச்சி மொழி பாரசீகத்துக்கும் குர்து மொழிக்கும் உறவு. ஆனால் இவருடைய தாய்மொழி பிராகுயி, அது நம் திராவிடக் குடும்பம். தம் கண்ணைத் தொட்டுக் காட்டி, தொண்டையிலிருந்து வரும் ககரத்தோடு 'கன்' என்றார். தரையில் கிடந்த கல்லைக் காட்டிக் 'கல்' என்றார். பிறகு என் நெஞ்சில் விரலை வைத்து 'நீ' என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அத்தனை மலைகளுக்கு அப்பாலிருந்து வந்தவர் என்னை நம் சொல்லாலேயே அழைத்துவிட்டார்.

இவ்வளவும் என் ஹால். இனி நீங்கள் சொல்ல வேண்டும்: குளத்துக்குத் தண்ணீர் வந்ததா? அப்பா மாடிக்கு ஏறுகிறாரா? சின்னவள் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டாளா? சுகம் என்று ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி