லெய்லா ஸானாவின் இரண்டு உறுதிமொழிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான, துருக்கியில் சிறுபான்மையினரான குர்தியர்களின் அரசியல்வாதி லெய்லா ஸானா பற்றிய கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். ஆனால் படத்தின் கீழிருந்த 'ஒரு வாக்கியத்துக்குப் பத்தாண்டுச் சிறை' என்ற வரி, நடந்ததை ஒரு கதையாகச் சுருக்கிவிடுகிறது.

1991 நவம்பரில் துருக்கி நாடாளுமன்றத்தில், குர்தியர்களின் அடையாள நிறங்களான மஞ்சள், பச்சை, சிவப்பு நிறப் பட்டையைத் தலையில் கட்டியபடி, அவர் பதவியேற்பு உறுதிமொழியைத் துருக்கிய மொழியிலேயே முழுமையாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான், துருக்கிய மக்களுக்கும் குர்திய மக்களுக்கும் இடையிலான சகோதரத்துவத்துக்காக இந்த உறுதிமொழியை ஏற்றதாகக் குர்திய மொழியில் ஒரு வாக்கியம் சேர்த்தார். அவையில் கூச்சல் எழுந்தது. ஆயினும் அன்று அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1994 மார்ச்சில், உறுப்பினர் என்ற முறையில் வழக்கிலிருந்து அவருக்கிருந்த சட்டப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. அரசுத் தரப்பு தேசத்துரோகக் குற்றம் சாட்டி மரண தண்டனை கேட்டது. டிசம்பரில் நீதிமன்றம் ஆயுதக் குழுவின் உறுப்பினர் என்று தீர்ப்பளித்து, அவருக்கும் சக குர்திய உறுப்பினர்களான ஹதிப் டிஜிலே, ஒர்ஹான் டோகான், செலிம் சடாக் ஆகியோருக்கும் பதினைந்தாண்டுத் தண்டனை விதித்தது. இந்த விசாரணை நேர்மையானதாக இல்லை என்று 2001இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறியது. வாக்கியம் அந்த வழக்குக்குப் பின்னணி. வழக்கின் பெயரோ வேறு. குற்றம் பேச்சில் இல்லை என்று அரசு சொல்லிக்கொள்ள வழி செய்த அந்த வேறுபாட்டை நாமே அழித்துவிடக் கூடாது.

கட்டுரை ஓரிரு வரிகளில் கடந்துபோன அவருடைய இளமைதான் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. சில்வான் அருகே ஒரு கிராமத்தில் 1961இல் பிறந்து, பதினான்கு வயதளவில், தம்மைவிட இருபது ஆண்டுகள் மூத்த உறவினர் மெஹ்தி ஸானாவுக்கு மணமுடிக்கப்பட்டார். டியார்பகிர் மேயராக இருந்த கணவர் 1980 இராணுவப் புரட்சிக்குப் பின் சிறையிலடைக்கப்பட்டார். அச்சிறையில் சந்திப்பின்போது குர்திய மொழி பேசத் தடை; மனைவிக்கோ துருக்கிய மொழி தெரியாது. கம்பிக்கு இருபுறமும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தபடி பேச்சின்றி நின்ற அந்த நேரங்களையும், பள்ளிக்குச் செல்லாமலே துருக்கிய மொழி கற்று உயர்நிலைத் தேர்வில் தேறிய பெண்ணையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், 1991இல் அவர் முதலில் துருக்கிய மொழியிலும் பிறகு தம் மொழியிலும் பேசியதன் பொருள் புரிகிறது. சிறை வாயிலில் காத்திருந்த மற்றப் பெண்களோடு சேர்ந்து குரல் கொடுக்கத் தொடங்கிய அவர், கணவருக்காக வந்தவர் என்ற நிலையிலிருந்து தாமே ஓர் அரசியல் ஆளானது அங்கேதான்.

சிறையிலிருந்தபோதே 1995இல் மனித உரிமைக்காக ஐரோப்பிய நாடாளுமன்றம் வழங்கும் சகாரோவ் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. உடல்நிலையைக் காரணம் காட்டித் தம்மை மட்டும் விடுவிக்க அரசு முன்வந்ததை, தோழர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று அவர் ஏற்கவில்லை. விடுதலை 2004 ஜூன் 9இல் கிடைத்தது. அதே நாளில்தான் அரசுத் தொலைக்காட்சி முதன்முறையாகக் குர்திய மொழி நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. இவ்வளவு பொருத்தமான தற்செயலை நாவலாசிரியர்கூட எழுதத் தயங்குவார்.

உங்கள் கட்டுரை அத்தோடு நின்றது. எனவே 2015 நவம்பரில் நடந்ததையும் சேர்க்க வேண்டுகிறேன். மீண்டும் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு உறுதிமொழி ஏற்றபோது, அதிலுள்ள 'மாபெரும் துருக்கியர் தேசம்' என்பதை அவர் 'துருக்கி நாட்டின் தேசம்' என்ற பொருள்படச் சொன்னார். மூல மொழியில் ஒரு விகுதி அளவே உள்ள மாற்றம் அது. இனத்தின் பெயரா, நாட்டின் பெயரா என்பதே முழு வழக்கும். உறுதிமொழி செல்லாது என்று மீண்டும் ஏற்கச் சொன்னதை அவர் மறுத்தார். 2018 ஜனவரியில், அவைக்கு வரவில்லை என்ற காரணத்துக்காக அவருடைய உறுப்பினர் பதவி பறிக்கப்பட்டது. உறுதிமொழியின் சொற்களிலிருந்து தொடங்கிப் பதவியிழப்பில் முடிந்தது 1991இல் அல்ல, இந்த இரண்டாவது முறையில்தான்.

படக்குறிப்பை அடுத்த இதழில் திருத்தினால் நன்று.

தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி