கொலைக்கிணறும் திதி வெண்பாவும்: ஊர்க்கொலை தேடும் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை (சந்து) முடக்கில் இருக்கும் அந்தக் கொலைக்கிணற்றின் கதையை எப்படித் தேடிப் பிடிப்பது என்று கேட்டிருந்தீர். அம்மம்மா சொன்ன கதையில் வெட்டினவர், வெட்டுப்பட்டவர், பாளைக்கத்தி, அமாவாசை இருட்டு எல்லாம் இருக்கிறது. ஆண்டு மட்டும் இல்லை. "வெள்ளைக்காரன்ர காலம்" என்றால் அது நூற்றைம்பது வருஷம். அதை வைத்துக்கொண்டு எந்தக் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) போனாலும் வெறுங்கையோடுதான் திரும்புவீர். முதல் வேலை திகதியைப் பிடிப்பது.

அதற்கு நீதிமன்றத்துக்கு ஓடவேண்டாம். செத்தவரின் அந்தியேட்டிக் கல்வெட்டைத் தேடும். கல்லில் வெட்டினதல்ல, முப்பத்தோராம் நாள் கிரியையில் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர். அந்தச் சின்னப் புத்தகத்தை எங்கள் சனம் தேவாரப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிவைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பெட்டகத்தின் அடியில், சாமியறைத் தட்டில் பாரும். "நூலகம்" என்ற இணைய எண்ணிம நூலகத்திலும் நினைவு மலர்கள் நிறைய ஏறியிருக்கின்றன. கொலை என்று அதில் எழுதியிருக்கமாட்டார்கள். "சடுதியாக", "அகாலத்தில்" என்று நழுவிப் போவார்கள். ஆனால் செத்த வருஷம், மாதம், திதியைச் சொல்லும் திதி வெண்பா நழுவாது. அடுத்த வருஷம் திவசம் செய்யவேண்டுமே!

ஒரு உதாரணம் எடுப்போம். வெண்பாவில் பவ வருஷம், தை மாதம், அபரபக்கத் (தேய்பிறை) துவாதசி என்று இருக்கிறது. பவ வருஷம் 1934 என்று ஒரு பட்டியலில் பார்த்துவிட்டு 1934 ஜனவரிப் பத்திரிகையைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால் அந்தத் தை 1935இல் விழுகிறது. அந்தத் தையில் பூரணை ஜனவரி 19, அமாவாசை பெப்ரவரி 3. அபரபக்கத்தில் பன்னிரண்டாம் திதி என்றால் ஜனவரி 31 அளவில் வரும். அமாவாசை இருட்டு என்று கதை சொன்னது மூன்று நாள் தள்ளிப் போய்விட்டது, பரவாயில்லை. "அளவில்" என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் புழங்குகிறது. திதி ஒரு நாள் முன்பின் போகலாம். இன்னொரு பொறி: அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். 1874இலும் ஒரு பவ வருஷம் இருந்தது. எந்தச் சுற்று என்பதைக் கல்வெட்டிலுள்ள பேரப்பிள்ளைகளின் பெயர்களை வைத்து முடிவு செய்யும்.

கல்வெட்டு அகப்படாவிட்டால் வயது போனவர்களிடம் வருஷத்தைக் கேட்காமல் பக்கத்து நிகழ்வைக் கேளும். கொழும்பு ரயில் ஓடத் தொடங்கினதுக்கு (1905) முன்னா பின்னா? 1942இல் யப்பான்காரன் குண்டு போட்டதுக்குப் பிறகா? 1964 மார்கழிச் சூறாவளிக்கு முதலா? இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டு இரண்டும் பொருந்தினால் மட்டும் எழுதும். ஒன்றாக இருத்திக் கேட்டால் உரத்துப் பேசுகிறவரின் வருஷம்தான் மிஞ்சும்.

திகதி வந்தபிறகுதான் பத்திரிகை. 1841இல் தொடங்கிய உதயதாரகை, 1889இல் தொடங்கிய இந்து சாதனம், 1930 முதல் 1958 வரை வந்த ஈழகேசரி, 1959 முதல் ஈழநாடு. யாழ்ப்பாணத்தில் இவற்றை முழுத் தொகுதியாகத் தேடி அலையவேண்டாம். 1981இல் பொது நூலகத்தோடு 97,000 அளவில் நூல்கள் எரிந்தன. ஈழநாடு அலுவலகமும் அதே நாட்களில் எரிந்தது. நூலகம் தளத்தில் உள்ளதைப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகவேண்டும். இணையத்தில் உள்ள பழைய இதழ்கள் பெரும்பாலும் படங்கள்தான். பெயரைத் தட்டித் தேடினால் வராது, பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்க்கவேண்டும். படம் எடுக்கும்போது முதலில் பத்திரிகைத் தலைப்பையும் திகதியையும் எடும், பிறகு செய்தியை எடும். தலைப்பில்லாத துண்டுச் செய்தி ஆறு மாதத்தில் உமக்கே எதென்று தெரியாமல் போகும்.

ஒரு கொலை பத்திரிகையில் ஒரு தரம் மட்டும் வராது. விதானையார் (ஊர்த் தலைமைக்காரர்) அறிவிப்பார், திடீர் மரண விசாரணை நடக்கும். இது முதல் வாரச் செய்தி. அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் பொலிஸ் கோர்ட்டில் பூர்வாங்க விசாரணை. சாட்சிகளின் பெயரும் வாக்குமூலமும் விரிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். உயர்நீதிமன்ற நீதியரசர் யாழ்ப்பாணத்துக்கு வந்து யூரிமாரோடு (நடுவர் குழுவோடு) வழக்கை விளங்கியது அதற்கும் பல மாதம் பிந்தி. பலர் முதல் செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். "இன்னார் கைது" என்று எழுதி முடித்துவிட்டு, அவர் விடுதலையானது தெரியாமலே இருக்கிறார்கள். ஒன்றரை வருஷம் வரைக்கும் இதழ்களைப் புரட்டும்.

தீர்ப்புகளை அச்சிட்ட சட்ட அறிக்கைத் தொகுதிகளில் எல்லாக் கொலையும் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். சட்டப் பிரச்சினை எழுந்த வழக்குகள்தான் அங்கே அச்சேறின. குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றமே 1938இல்தான் வந்தது, ஆகவே 1935க் கொலைக்கு அங்கே தேடுவது வீண். வழக்கின் தலைப்பும் காலம் சொல்லும்: 1901 முதல் 1952 வரை மன்னர் எதிர் இன்னார், பிறகு 1972 வரை மகாராணி எதிர் இன்னார், அதன்பின் குடியரசு. பெயர்களோ ஆங்கிலத்தில் கிளார்க் எழுதினபடி. சின்னத்தம்பியை 'எஸ்' எழுத்திலும் பாரும், 'சி' எழுத்திலும் பாரும். 'த'வுக்கு 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் பாரும். ஊர்ப்பெயரிலும் வழுக்கும். பழைய பத்திரிகையில் "காரைதீவு" என்று கண்டால் அது இன்றைய காரைநகராக இருக்கலாம், கிழக்கிலுள்ள காரைதீவாகவும் இருக்கலாம்.

இனி காரணம். கதையில் எப்போதும் பெண் அல்லது சூனியம். காணி உறுதியை (பத்திரத்தை) பார்த்தால் பெரும்பாலும் வேலி. மழைக்குப் பிறகு வேலி அடைக்கும்போது கதியால் (வேலிக்கு நடும் தடி) ஒரு சாண் அப்பால் போகும். அடுத்த வருஷம் இன்னொரு சாண். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கில் இரண்டு பரப்பு வளவு வைத்திருப்பவருக்கு ஒரு சாண் சின்ன விஷயமில்லை. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான பழைய தேசவழமைப்படி காணியை முதலில் பங்குக்காரரிடம் கேட்டுத்தான் பிறத்தியாருக்கு விற்கவேண்டும், அதிலும் பகை பிறந்திருக்கிறது. உறுதியின் நான்கெல்லை விபரத்தை வாசியும். கிழக்கே யார், தெற்கே யார் என்று அன்றைய அயலவர் எல்லாரும் பெயரோடு நிற்பார்கள். சாட்சிப் பட்டியலை அதற்குப் பக்கத்தில் வைத்தால் யார் வேலிக்கு மேலால் பார்த்திருக்க முடியும் என்பது தெரியும். கொலைக்கு அடுத்த சில மாதங்களில் எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், குடும்பம் எழுதின ஈட்டு (அடமான) உறுதி, அறுதி (விற்பனை) உறுதி இருக்கிறதா என்றும் காணிப் பதிவகத்தில் தேடுவியும். அப்புக்காத்துக்கு (வழக்கறிஞருக்கு) காசு காணியிலிருந்துதான் வந்தது.

அரச கந்தோரில் பதிவேடு கேட்பதானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளும். காரணம் சொல்லத் தேவையில்லை; 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தரவேண்டும். "எல்லா ஆவணமும்" என்று கேட்டால் கிடைக்காது. ஒரு பதிவேடு, ஒரு ஆண்டு என்று கேளும். போரில் அழிந்துவிட்டது என்று பதில் வந்தால் அதையும் கோப்பில் வையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரும். எதிரியின் பேரப்பிள்ளைகள் அதே ஒழுங்கையில் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். விடுதலையானவரைக் கொலைகாரன் என்று எழுதவேண்டாம், ஊர் அப்படித்தான் சொல்கிறது என்றாலும். இலங்கையில் அவதூறு 2002இல் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுபட்டது. சிவில் வழக்கு இன்னும் போடலாம். சாதிப் பெயர் பழைய செய்தியில் வரும். உம்முடைய குறிப்பில் இருக்கட்டும், வெளியிடும்போது கொலைக்கும் அதற்கும் தொடர்பு இருந்தால் தவிர எடுத்துவிடும். கிணற்றின் படமும் வேண்டாம், வீடு தெரியும்.

கல்வெட்டு அகப்பட்டால் வெண்பாப் பக்கத்தையும் பேரப்பிள்ளைகள் பட்டியலையும் நிழல் விழாமல் படம் எடுத்து அனுப்பும். இரண்டு பஞ்சாங்கத்திலும் பார்த்துத் திகதி எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்